கட்டைவிரல் பதியும் மண்

இடது உள்ளங்கையில் ஒரு பிடி மண். வலது கை அதை மூன்று முறை உருட்டியது, நான்காவது முறை இறுக்கியது. கொழுக்கட்டை அளவுக்கு உருண்டை திரண்டதும் கட்டைவிரல் அதன் நடுவில் மெல்ல இறங்கியது. ரேகை நன்றாகப் பதிந்தது. ஆனால் பள்ளத்தின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு கிளம்பி உருண்டையின் மறுபக்கம் வரை ஓடியது. கைகள் அதை உடைத்துப் போட்டன. இரண்டடி தள்ளி இன்னொரு பிடி எடுத்து உருட்டின. அதுவும் வெடித்தது. மூன்றாவது பிடி உருண்டையாகவே திரளவில்லை, விரல் சந்துகளில் மாவாக வழிந்தது.

மாலை ஏழரை மணி. ஜூலை மாதத்து வெயில் இன்னும் தீவனக் கிடங்கின் கூரைமேல் நின்றது. தகுதிச் சுற்றுகள் நான்கும் முடிந்து, கார்கள் எல்லாம் கொட்டகைக்குப் போயிருந்தன. பெரிய பந்தயம் பாக்கி. கேலரியில் இரண்டாயிரம் பேர் மூன்றாம் வளைவில் குந்தியிருந்த அந்தப் பெண்ணின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் லவோன் ராடெக். வயது அறுபத்தொன்று. காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மிச்ச நேரம் முழுக்க எங்கள் கவுண்டி பொருட்காட்சித் திடலின் அரைமைல் மண் தடத்தில் இருப்பார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் தண்ணீர் லாரி ஓட்டியவர் குதிரையிடம் உதைபட்டுக் காலை முறித்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை கேலரியிலிருந்து இறங்கி வந்து லாரியில் ஏறிய லவோன் இன்னும் இறங்கவில்லை. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. எங்கே எவ்வளவு தண்ணீர் போகும், எந்தக் காற்று எந்த வளைவை முதலில் உலர்த்தும் என்பதை ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திக் குத்தியே தெரிந்துகொண்டார். அயோவாவின் தெற்கில் இந்தத் தடத்து மண் கறுப்பு. ஈரமாக இருந்தால் பூட்ஸை விடாது, காய்ந்தால் கல்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. தடம் தயார் என்று வாயால் யாரும் சொல்லக்கூடாது. தடம் பார்ப்பவர் ஒரு மண் உருண்டை பிடித்துக் கொடி மேடைக்கு எடுத்துப்போக வேண்டும். கொடிக்காரர் அதைக் கட்டைவிரலால் அழுத்துவார். உதிர்ந்தால் தூசி பறக்கும். விரலில் ஒட்டிக்கொண்டால் சேறு. ரேகை பதிந்து, வெடிக்காமல் நின்றால் பச்சைக் கொடி. உருண்டை மேடைக்கு வராமல் ஒரு காரும் நகராது.

போன சனிக்கிழமை வெளியூர்ப் போட்டிக் குழு வந்திருந்தது. சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் வழக்கம்போலப் பார்க்க வந்த எங்கள் பிக்கப் வண்டிகளைத் தடத்தில் ஓடவிட்டு மண்ணை இறுக்கச் சொன்னார்கள். மேல் மண் மூடிக்கொண்டது. ஈரம் அடியில் இறங்காமல் மேலேயே நின்று, வெயிலில் அரைமணியில் பறந்துவிட்டது. லவோன் உருண்டை பிடித்தபோதே அதில் வெடிப்பு இருந்தது. வெடிப்பு இருக்கும் பக்கத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினார். கொடிக்காரர் வென்டல் ஸ்டாம் அதை அழுத்திப் பார்க்கவில்லை. லவோன் கொடுத்த உருண்டையை எதற்கு அழுத்துவது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாவது சுற்றில் தூசியில் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. பதினாறாவது சுற்றில் முன்னால் போகும் கார் தெரியவில்லை என்று ஓட்டுபவர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். பந்தயத்தை நிறுத்தினார்கள். முகமெல்லாம் சாம்பல் பூசினாற்போல் வீட்டுக்குப் போனோம். துண்டால் துடைத்தால் துண்டு கறுத்தது. வடிகட்டிய பாலில்கூட மண் இருந்ததென்று என் மனைவி சொன்னாள்.

புதன்கிழமை கவுண்டி வாரப் பத்திரிகையில் டெல்பர்ட் குயிப்பர் எழுதிய கடிதம் வந்தது. டெல்பர்ட் நான்காம் வளைவின் முதல் வரிசைக்காரர். நாற்பது வருடமாக ஒரே இடம். சனிக்கிழமை காலையிலேயே வந்து பச்சைக்கட்டம் போட்ட கம்பளியைப் பலகையில் விரித்து, நாலு மூலையையும் டேப்பால் ஒட்டி இடம் பிடித்துவிட்டுப் போவார். விரித்த கம்பளியை எங்கள் ஊரில் யாரும் தொடமாட்டார்கள். 'தூசி தின்பதற்கு டிக்கெட் எதற்கு, என் வீட்டு வண்டிப்பாதையிலேயே சும்மா தின்பேனே' என்று எழுதியிருந்தார்.

பொருட்காட்சிக் குழுத் தலைவர் டுவெய்ன் ஓபர்க் அந்தக் கடிதத்தை வெட்டி வைத்துக்கொண்டார். மோசமான மனிதர் இல்லை. திடலுக்குப் பின்னால் புதிதாக வந்த வீட்டுக்காரர்கள் துணி காயப்போட முடியவில்லை என்று அவரிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள். அரைமைலுக்கும் தார் போட்டுவிடுவது என்று ஒரு தீர்மானத் தாள் தயார் செய்திருந்தார். திங்கட்கிழமை கூட்டத்தில் அது ஓட்டுக்கு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை அதை லவோனிடம் நேரிலேயே சொன்னார். தார் போட்டால் தூசி இல்லை, சேறு இல்லை, மழை பெய்தாலும் ஒரு மணிநேரத்தில் ஓட்டலாம் என்றார்.

"தார்ல முதல் சுத்தும் நாப்பதாவது சுத்தும் ஒண்ணுதான் டுவெய்ன்," என்றாராம் லவோன். "முதல் சுத்தைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

சனிக்கிழமை பெரிய பந்தயம் ஒழுங்காக நடந்தால் அந்தத் தாளை எடுக்கமாட்டேன் என்றார் டுவெய்ன். நடக்காவிட்டால் எடுப்பேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதுதான் பேச்சு. அது வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

லவோன் யாரையும் குறை சொல்லவில்லை. போட்டிக் குழு அவசரப்படுத்தியது என்று நாங்கள் எடுத்துக்கொடுத்தும் அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. உருண்டை பிடித்தது நான், என்றார். தூசி பறந்த மறுநாள், ஞாயிறு காலை ஐந்து மணிக்கே வட்டுக் கலப்பையைப் பூட்டி அரைமைலையும் ஆறு அங்குல ஆழத்துக்குக் கிழித்துப் போட்டார். பொழுது விடியும் முன் தண்ணீர், வெயில் ஏறும் முன் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். ஒரு நாளைக்கு லாரி பதினான்கு நடை ஓடையிலிருந்து ஏற்றி வந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தெற்கிலிருந்து காற்று அடித்தது. சோளத்தோகைகூடச் சுருண்டுகொண்டது. அவர் நடைகளைப் பதினெட்டாக்கினார்.

சனிக்கிழமை தகுதிச் சுற்றுகள் தொடங்கியபோது தடம் கறுத்து மினுங்கியது. முதல் சுற்றிலேயே களிமண் கட்டி பறந்து வந்து டெல்பர்ட்டின் பாப்கார்ன் பையில் விழுந்தது. அவர் அதை வெளியே எடுக்காமல் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இதற்காகத்தான் வருகிறோம். தலைக்கு மேல் தகட்டு இறக்கை வைத்த கார் மூன்றாம் வளைவுக்குள் வரும்போது அதன் மூக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கும், முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கும், பின்சக்கரம் மண்ணைக் கேலரிமேல் வாரி வீசும். போவது நேராகவா குறுக்காகவா என்று கண்ணால் சொல்ல முடியாது. மேல் ஓரத்தில் கார்கள் ஒதுக்கிய மண் வயல் வரப்பு போலத் திரண்டு நிற்கும். வலது பின்சக்கரத்தை அதில் சாய்த்து ஒருவன் வருவான். இன்னொருவன் கீழே உள்விளிம்பை ஒட்டி வருவான். ஐந்தாம் சுற்றில் ஓடிய வழி இருபதாம் சுற்றில் வழுக்கிவிடும். நடுவில் எங்கோ ஈரமாக ஒரு கோடு பிறக்கும். ஓட்டுபவனுக்கு முன்னால் கேலரி அதைக் கண்டுபிடித்துவிடும். 'நடுவுல வா, நடுவுல வா' என்று, அவன் காதில் விழாது என்று தெரிந்தும், ஆயிரம் பேர் கத்துவோம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் தடம் வேறு. அதைக் கணிக்கத் தெரிந்தவன் ஜெயிப்பான். கணிக்கத் தெரிந்தவர்கள் பார்க்க வருவோம்.

ஆனால் நான்காவது தகுதிச் சுற்றின் முடிவில் மூன்றாம் வளைவின் கீழ்ப்பாதி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கடைசிக் கார் போனபோது அதன் பின்னால் மெல்லிய பழுப்புத் தூசி நூல் ஒன்று எழுந்தது. போன வாரமும் அப்படித்தான் ஆரம்பித்தது.

லவோன் எழுந்து கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். டுவெய்ன் நான்காம் வளைவின் வாசலில், எங்களுக்கு நேர் கீழே, வாக்கி டாக்கியோடு நின்றிருந்தார். லவோன் அவரிடம் வந்து, மூன்றாம் வளைவிலிருந்து நான்காம் வளைவு முடியும் வரை கிழிக்க வேண்டும் என்றார்.

பந்தயத்துக்கு நடுவில் தடத்தைக் கிழிப்பதை யாரும் கேட்டதில்லை. சும்மா மேலாகத் தண்ணீர் தெளித்துவிடலாமே என்றார் டுவெய்ன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஜனமும் கலையாது.

"தெளிச்சா பத்து சுத்துக்கு நல்லாருக்கும்," என்றார் லவோன். "பதினொண்ணாவது சுத்துல நீங்க கைய மூக்குக்கு முன்னால வச்சுப் பாத்துக்கலாம், தெரியுதான்னு."

"எவ்வளவு நேரம் கேக்கறீங்க?"

"கிழிக்கப் பத்து. தண்ணிக்குப் பத்து. மண்ணு குடிக்க இருபது. இறுக்கப் பதினஞ்சு."

டுவெய்ன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு மேல் இன்ஜின் சத்தம் கேட்கக்கூடாது என்று கவுண்டி விதி. பெரிய பந்தயத்தில் விபத்து, நிறுத்தம் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணிநேரம் வேண்டும்.

"எட்டரைக்கு உருண்டை மேடையில இருக்கணும்," என்றார். "இல்லைன்னா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து எல்லாரையும் அனுப்பிடுவேன். மிச்சம் உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்று சொல்லிக்கொண்டே லவோன் டிராக்டரை நோக்கி நடந்தார்.

கலப்பை இறங்கியதும் ஒரு வாரமாக இறுக்கிய மண் தட்டுத் தட்டாகப் புரண்டது. அடியில் கன்னங்கரேலென்று ஈரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊற்றிய தண்ணீர் அங்கேதான் இருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பிறகு லவோன் டிராக்டரை உள்வட்டத்தில் விட்டுவிட்டு லாரியில் ஏறினார். மூன்று தடவை. லாரி வளைவில் நகர்வதே தெரியாத வேகத்தில் போனது, தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து விழுந்தது.

மணி ஏழு ஐம்பது. லவோன் லாரியை வாசலோரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, படிக்கட்டில் உட்கார்ந்தார்.

அந்த இருபது நிமிடம்தான் கஷ்டமானது. தடத்தில் எதுவும் நடக்கவில்லை. ஒரு பெண் லாரிப் படியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். குழந்தைகள் சிணுங்கின. பன்றி வறுவல் ரொட்டி விற்கும் கடையில் அடுப்பை அணைக்கலாமா என்று கேட்டார்கள். மேல் வரிசையில் ஒரு குடும்பம் கம்பளியைப் பிய்த்து மடித்தது. அதைப் பார்த்து இன்னும் மூன்று குடும்பங்கள் மடித்தன. ஐந்து நிமிடம் ஆனதும் டுவெய்ன் லாரியிடம் போனார். பத்தாவது நிமிடம் மறுபடி போனார். ஜனம் கிளம்புகிறது, இப்போதே வண்டிகளை விட்டு இறுக்கிவிடலாம் என்றார். போன வாரமும் இதே நேரத்தில் இதே சொல்தான் வந்தது.

லவோன் ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்தினார். பாதிவரை இறங்கி நின்றது.

"இது பிடிவரைக்கும் இறங்கட்டும்."

"இறங்கலைன்னா?"

"அப்ப இன்னிக்குப் பந்தயம் இல்லை. ஆனா போன வாரம் பண்ணதை நான் மறுபடி பண்ண மாட்டேன் டுவெய்ன். நீங்க தார் போட்டாலும் சரி."

இந்தப் பேச்சு வேலிக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. முதல் வரிசையில் டெல்பர்ட் எழுந்தார். கிளம்புகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் கம்பளியைத் தொடவில்லை. படிகளில் இறங்கி, வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போய், தன் பழைய பிக்கப்பை எடுத்து வந்து வாசலில் முதல் ஆளாக நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார்.

"என் கடுதாசியப் படிச்சியா?" என்றார்.

லவோனும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். "ரெண்டு தடவை," என்றார் லவோன். "நாலு எழுத்துப்பிழை."

"மூணுதான். நாலாவது பத்திரிகைக்காரன் போட்டது." தடத்தைப் பார்த்தார். "எத்தனை வண்டி வேணும்?"

"நாப்பது. மெதுவாப் போகணும். முன்னால போனவன் தடத்துல போகாம, சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளித் தள்ளி. நான் கையைத் தூக்கறதுக்கு முன்னால ஒருத்தன் உள்ள வந்தாலும் அவன் டயரைக் குத்திடுவேன்."

டெல்பர்ட் மேலே கேலரியைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. ஆனால் இங்கே யாருடைய பிக்கப் எது என்று எல்லாருக்கும் தெரியும். கடிதம் எழுதிய ஆளே வாசலில் போய் நின்றுவிட்டார். படிகளில் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். நானும் இறங்கினேன். கம்பளியை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிய குடும்பத்து ஆண்பிள்ளைகூட வண்டியை வெளிவாசல் பக்கம் திருப்பாமல் இந்தப் பக்கம் திருப்பினார். ஒலிபெருக்கி அறிவிப்பதற்கு முன்பே வரிசை தீவனக் கிடங்கு வரை நீண்டுவிட்டது. இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு காத்திருந்தோம். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

எட்டு பத்துக்கு லவோன் மறுபடி குத்தினார். ஸ்க்ரூடிரைவர் முக்கால்வாசி இறங்கியது. அவர் கையைத் தூக்கவில்லை. டுவெய்ன் தொப்பியைக் கழற்றி மாட்டினார். எட்டு பதினான்குக்கு இன்னொரு இடத்தில் குத்தினார். பிடி மண்ணில் முட்டியது.

கை மேலே போனது.

நாற்பது வண்டி கேட்டார், ஐம்பதுக்கு மேல் போனோம். உழுத வயலில் நடப்பது போல வண்டிகள் முதல் சுற்றில் ஆடின. இரண்டாம் சுற்றில் ஆட்டம் குறைந்தது. சக்கரம் போன இடத்தில் மண் ரொட்டி மாவு அமுங்குவது போல அமுங்கி, பின்னால் மூடிக்கொண்டது. எனக்கு முன்னால் டெல்பர்ட்டின் பின்சக்கரம் எறிந்த கட்டிகள் என் முன்கண்ணாடியில் வந்து ஒட்டின. துடைப்பானைப் போட்டால் வழிந்து பூசிக்கொண்டது. அப்படியே தலையை வெளியே நீட்டிப் பார்த்து ஓட்டினேன். லவோன் நான்காம் வளைவின் நடுவில் நின்றுகொண்டு, ஒவ்வொரு வண்டியையும் மேலே தள்ளு, கீழே இழு என்று கையால் தள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றில் டுவெய்னின் வெள்ளை பிக்கப்பும் வரிசையில் இருந்தது. எப்போது சேர்ந்தார் என்று பார்க்கவில்லை. கதவுவரை கறுத்திருந்தது.

எட்டு இருபத்தைந்துக்கு எங்களை வெளியே அனுப்பினார். வண்டிகளை அப்படி அப்படியே போட்டுவிட்டுக் கேலரிக்கு ஓடினோம். அதற்குள் அவர் மூன்றாம் வளைவின் கீழ்ப்பாதியில், முன்பு குந்திய அதே இடத்தில் குந்தியிருந்தார். ஒரு பிடி எடுத்தார். மூன்று முறை உருட்டினார், நான்காவது முறை இறுக்கினார். கட்டைவிரலை வைக்கவில்லை. அப்படியே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மேடைக்கு நடந்தார்.

டெல்பர்ட் தன் கம்பளியில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் கண்ணாடி ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருப்பார். கட்டி பறக்கும் என்று நம்பினால்தான் அதைக் கண்ணுக்கு ஏற்றுவார். லவோன் வேலியோரமாகப் போகும்போது டெல்பர்ட் உருண்டையைப் பார்த்தார், லவோனின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி கழுத்திலேயே கிடந்தது.

மேடையின் இரும்பு ஏணியை ஒரு கையால் பிடித்து லவோன் ஏறினார். மேலே வென்டல் பச்சைக் கொடியைக் கம்பியில் சுற்றியபடி நின்றார். பக்கத்தில் டுவெய்ன், வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு. மணி எட்டு இருபத்தெட்டு. வென்டல் கையை நீட்டினார், வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதற்கு.

லவோன் கொடுக்கவில்லை. "அழுத்து," என்றார்.

"நீ பிடிச்சதுதானே லவோன்."

"போன வாரமும் நான் பிடிச்சதுதான். அதுல வெடிப்பு இருந்துச்சு. உனக்குத் தெரியாம திருப்பிக் கொடுத்தேன். அழுத்து வென்டல்."

வென்டல் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். லவோனின் உள்ளங்கையில் இருந்த உருண்டையின் நடுவில் கட்டைவிரலை வைத்து, பல்லைக் கடித்து, எலும்பு வெளுக்கும்வரை அழுத்தினார். விரலை எடுத்தபோது அதில் மண் ஒட்டவில்லை. பள்ளத்தில் ரேகைகள் வட்டம் வட்டமாக நின்றன. குறுக்கே பழைய வெட்டுத்தழும்பு ஒன்றுகூடத் தெளிவாக விழுந்திருந்தது. இரண்டு பேரும் குனிந்து அதன் ஓரத்தைப் பார்த்தார்கள். டுவெய்னும் குனிந்தார். வெடிப்புக்காகக் காத்திருந்தார்கள்.

வெடிக்கவில்லை.

டுவெய்ன் நிமிர்ந்து, கார்களைத் தள்ளிக் கிளப்பிக் கொண்டுவரச் சொன்னார். கொட்டகைப் பக்கம் முதல் இன்ஜின் உறுமிப் பற்றியது. டெல்பர்ட் கண்ணாடியை ஏற்றிக் கண்ணில் மாட்டினார்.

"இப்ப எடுத்துக்கோ," என்று சொல்லி, லவோன் உருண்டையை வென்டலின் வெறுங்கையில் வைத்தார்.